வெடிபலா: மழைக்காட்டில் அடையாளம் காண்பதிலிருந்து நாற்று நடுவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மழைக்காட்டுக்குள் முதல்முறை போகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். வால்பாறைப் பக்கம் ஒரு சோலையோரம், மாசி மாதக் காலை. முப்பது மீட்டர் உயரத்தில் எல்லா மரமும் ஒரே பச்சையாகத் தெரிந்தது. கூட வந்தவர் காடர் சமூகத்தைச் சேர்ந்த வேட்டைத் தடுப்புக் காவலர். "தம்பி, மேலே பார்த்துட்டே இருந்தா கழுத்துதான் வலிக்கும். காலடியைப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். உதிர்ந்த சருகுக்கு நடுவே, விரல்நீளம்கூட இல்லாத வெளிர்பழுப்புக் குழாய்கள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. பாதிக்கு மேல் கடித்துப் போட்டவை. ஒன்றை எடுத்து நசுக்கினேன். சதைப்பற்றாக இருந்தது, விரல் ஈரமானது. "வெடிபலாப் பூ. மேலே குரங்கு இருக்குது" என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, என் தோளில் இன்னொரு பூ வந்து விழுந்தது.

அன்றிலிருந்து இந்த ஒரு மரத்தைத்தான் விடாமல் பார்த்து வருகிறேன். தென் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டைப் புரிந்துகொள்ள எங்கே தொடங்குவது என்று யார் கேட்டாலும் இதையே சொல்வேன். வெடிபலாவைத் தரையிலிருந்து படிக்கக் கற்றுக்கொண்டால், அந்தக் காட்டில் எந்த மாதம் எது பசியோடு இருக்கும், எது வயிறாரச் சாப்பிடும் என்பதுவரை தெரிந்துவிடும். மரத்தைத் தேடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கும், காட்டை ஒட்டி நிலம் இருந்து அதை வளர்க்க நினைப்பவர்களுக்கும் எழுதியது இது.

படி 1: மரத்தின் பெயரையும் உறவையும் தெரிந்துகொள்ளுங்கள்

பெயரில் பலா இருந்தாலும் இது பலா அல்ல. பலா ஆல், அத்தி, அரசு இவற்றின் குடும்பம். வெடிபலா பருத்தி, செம்பருத்தி, இலவம் இருக்கும் குடும்பம். காயைச் சுற்றி முள் இருப்பதால் பலா என்றும், முற்றியதும் மரத்திலேயே பிளந்து விதையை உதிர்ப்பதால் வெடிபலா என்றும் ஆகிவிட்டது. மலையாளத்தில் வெடிப்ளாவு என்றும் முள்ளாயினி என்றும் சொல்கிறார்கள். நம்மூர்க்காரர்களில் சிலர் காட்டுப்பலா என்றும் சொல்வார்கள். அந்தப் பெயரை நான் தவிர்த்துவிடுவேன். மழைக்காட்டிலேயே உண்மையான பலாவும் தானாக வளர்கிறது, இரண்டும் குழம்பிவிடும்.

இதன் நெருங்கிய சொந்தம் மலேசியாவிலும் தாய்லாந்திலும் கிடைக்கும் துரியன். வெடிபலாக் காயைப் பார்த்தவுடன் துரியன் தெரிந்தவர்களுக்கு இது விளங்கிவிடும். ஒரு வித்தியாசம் உண்டு. துரியனில் நாம் தின்பது விதையைச் சுற்றியுள்ள மென்மையான சதையை. அந்தச் சதை வெடிபலாவில் கிடையாது. இதன் அறிவியல் பெயரான குல்லெனியா எக்சாரில்லாட்டாவில் இரண்டாவது சொல்லுக்கு அர்த்தமே ‘விதையுறை இல்லாதது’ என்பதுதான். முதல் சொல் திருவிதாங்கூரில் ரெசிடென்டாக, அதாவது பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக, இருந்த ஜெனரல் வில்லியம் கல்லன் நினைவாக, தாவரவியலாளர் ராபர்ட் வைட் வைத்தது.

குல்லெனியா என்ற பேரினம் உலகத்தில் இரண்டே இடத்தில்தான் இருக்கிறது: மேற்குத் தொடர்ச்சி மலை, இலங்கை. இலங்கையின் சிங்கராஜா போன்ற ஈரக்காடுகளில் இருப்பது இதன் சகோதர இனம். நம் வெடிபலா மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரியது.

படி 2: எந்த மலை, எந்த உயரம் என்று முடிவு செய்யுங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்க இது கிடைக்காது. அகத்தியமலையிலிருந்து வயநாடு வரையுள்ள தென்பகுதியில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 700 முதல் 1,400 மீட்டர் வரையுள்ள பசுமைமாறாக் காடுதான் இதன் சொந்த வீடு. அதற்குக் கீழேயும் அங்கங்கே மரம் இருக்கலாம், ஆனால் கூட்டமாக நிற்பது இந்த உயரத்தில்தான். இந்தக் காட்டு வகைக்கே ‘வெடிபலா, நாங்கு, பாலி காடு’ என்கிற பொருளில் இந்த மூன்று மரங்களின் அறிவியல் பெயர்களைச் சேர்த்து ஆராய்ச்சியாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் இந்த மூன்றும் சேர்ந்தே இருக்கும்.

உயரம் மட்டும் போதாது, மழையும் வேண்டும். அதிலும் மொத்த மழையைவிட முக்கியம், மழை இல்லாத மாதங்கள் எத்தனை என்பது. வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டினாலும், அது நாலே மாதத்தில் கொட்டிவிட்டு மீதி நாள் காய்ந்தால் வெடிபலாவுக்குச் சரிவராது. வடக்கே போகப் போக வறட்சி மாதங்கள் நீளும், வெடிபலா குறைந்து மறைந்துவிடும். தெற்கே களக்காடு மலையில் தென்மேற்குப் பருவமழையும் பெய்கிறது, வடகிழக்குப் பருவமழையும் பெய்கிறது. வறட்சி குறுகியது. அங்கே கக்காச்சி, செங்கல்தேரி பக்கம் வெடிபலா எவ்வளவு அடர்த்தியாக நிற்கிறது என்று பார்த்தால் காரணம் தானாகப் புரியும்.

சரி, எங்கே போகலாம்?

எளிதானது வால்பாறை. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் தேயிலைக்கு நடுவே தீவு தீவாக மழைக்காட்டுத் துண்டுகள் நிற்கும். 1890களில் தொடங்கி தேயிலைக்கும் காப்பிக்கும் காட்டை அழித்தபோது மிஞ்சியவை அவை. புதுத்தோட்டம் பக்கம் சாலையோரத்திலேயே வெடிபலா மரங்களைப் பார்க்கலாம், காட்டுக்குள் காலே வைக்க வேண்டாம். வால்பாறையிலிருந்து சோலையாறு, மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளி இறங்கும் சாலையும் நல்ல இடம். மேகமலை, நெல்லியாம்பதி இரண்டிலும் இந்த மரம் உண்டு. நெல்லியாம்பதியின் ஏலத்தோட்டங்களில் நிழலுக்காகக் காட்டு மரங்களை விட்டுவைத்திருப்பதால் கிட்டப்போய்ப் பார்க்க வசதி. அமைதிப் பள்ளத்தாக்குக்கு முக்காலியிலிருந்து வனத்துறை ஏற்பாட்டு வண்டியில் சைரந்திரி வரை போகலாம். வழி நெடுக வெடிபலாக் காடு.

களக்காடு முண்டந்துறை, ஆனைமலை இரண்டுமே புலிகள் காப்பகம். சாலையை விட்டு இறங்கி உள்ளே நடக்க வனத்துறை அனுமதி கட்டாயம் வேண்டும். அனுமதி கிடைத்தால் உள்ளூர்க் காவலர் ஒருவரோடு போங்கள். ஆனைமலையில் காடர்களும், களக்காடு பக்கம் காணிக்காரர்களும் இந்தக் காட்டைத் தங்கள் வாசல்போல அறிந்தவர்கள். ஒரு நாள் அவர்களோடு நடப்பதற்கு என் ஒரு வருடப் படிப்பு ஈடாகாது.

படி 3: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்த ஒரு படியில் தவறினால் மற்ற எல்லாம் வீண். மரம் வருடம் முழுக்க அங்கேயேதான் நிற்கும், ஆனால் அது ‘பேசுகிற’ காலம் இரண்டு.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை பூ. தை, மாசி, பங்குனி என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்டில் மற்ற பழங்கள் குறைந்து, ஓடைகள் சுருங்கும் காலம் இது. அந்த நேரம் பார்த்து வெடிபலா கிளை நெடுகப் பூத்துத் தள்ளும். அட்டையும் அப்போது குறைவு. முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது பிப்ரவரி.

காய் ஏப்ரல், மே மாதத்திலேயே தெரியத் தொடங்கும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை, ஆனி ஆடி மழையில், முற்றி வெடிக்கும். குரங்குகளைப் பார்க்கவும் விதை பொறுக்கவும் இதுதான் காலம். மழையும் மூடுபனியும் அட்டையும் கூடவே வரும். ஆண்டுக்கு ஆண்டு, மலைக்கு மலை இந்தக் கணக்கு சில வாரம் முன்னே பின்னே மாறும், எல்லா வருடமும் ஒரே அளவில் பூப்பதும் இல்லை. அதனால் போவதற்கு முன்னால் உள்ளூரில் யாரையாவது கேட்டுக்கொள்வது நல்லது.

கொண்டுபோக வேண்டியவை அதிகம் இல்லை. பைனாகுலர் ஒன்று, நீளமான நோட்டு, பென்சில் (பேனா மழையில் கரையும்), முழங்கால் வரை ஏறும் அட்டை உறை, மழைக்கோட்டு. அட்டை கடித்தால் பதறிப் பிடுங்காதீர்கள். நகத்தால் மெல்ல வாய்ப்பகுதியை நகர்த்தினால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், அவ்வளவுதான். பளிச்சென்ற நிறத்தில் சட்டை வேண்டாம், வாசனைத் திரவியமும் வேண்டாம்.

படி 4: தரையிலிருந்து மேல்நோக்கி அடையாளம் காணுங்கள்

முதலில் தரை. சருகைக் கையால் விலக்கிப் பாருங்கள். காய்ந்து சுருண்ட இலைகளில் ஒன்றின் அடிப்பக்கம் செம்புக் காசு தேய்த்ததுபோல மின்னினால் நின்றுவிடுங்கள். நீங்கள் தேடி வந்தது தலைக்கு மேலே நிற்கிறது.

வெடிபலா இலையைக் கையில் வைத்துப் பார்ப்பது எனக்கு இன்றும் சலிக்காத வேலை. மேல்பக்கம் கரும்பச்சை, வழவழப்பு, சாதாரணம். திருப்பினால் வேறு இலை. அடி முழுக்க வெள்ளிப்பூச்சு, அதன்மேல் பொன்பழுப்பில் நுண்ணிய புள்ளிகள். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் அவை வெறும் நிறம் அல்ல, மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த வட்டச் செதில்கள் என்று தெரியும். இளங்கிளையிலும் மொட்டிலும் இதே பொன்செதில்தான். காம்பு இலையோடு சேரும் இடத்தில் சிறு வீக்கம் இருக்கும், அதையும் தடவிப் பாருங்கள். காற்று அடிக்கும்போது தூரத்தில் ஒரு மரம் மட்டும் பச்சையிலிருந்து பழுப்புப் பொன்னாக மாறி மாறி மினுங்கினால் அது பெரும்பாலும் வெடிபலாதான். மலைச்சரிவின் எதிர்ப்பக்கத்திலிருந்தே எண்ணிவிடலாம்.

அடுத்து அடிமரம். முதிர்ந்த மரத்தின் அடியில் பலகைவேர்கள் இறங்கியிருக்கும். பட்டை சாம்பல் வெள்ளை, இளம் மரத்தில் வழவழப்பு, வயதானதில் செதிலாக உரியும். பட்டையைக் கத்தியால் கீறிப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம், இலை ஒன்றே போதும்.

அப்புறம்தான் மேலே. உயரம் நாற்பது மீட்டர் வரை போகும். பூவும் காயும் கிளை நுனியில் இருக்காது, தடித்த கிளையின் மேலேயே முடிச்சு முடிச்சாகக் கொத்தாக ஒட்டியிருக்கும்.

ஏமாற்றக்கூடிய மரங்கள் சில உண்டு. பலாவின் இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வரும், அடிப்பக்கம் வெறும் பச்சை. காய் அடிமரத்தில் பெரிதாகத் தொங்கும், முள் மொட்டையாக இருக்கும். வெடிபலாக் காய் இரண்டு கையில் அடங்கும் உருண்டை, முள் ஒவ்வொன்றும் கூர். பாலி மரத்திலும் பால் வரும், இலைகள் கிளை நுனியில் கொத்தாகச் சேர்ந்திருக்கும். நாங்கு மரத்து இலையின் அடியும் வெளுப்பாக இருப்பதால் நிறையப் பேர் அங்கேதான் தடுமாறுவார்கள். நாங்கில் இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக வரும், தளிர் சிவந்திருக்கும். வெடிபலாவில் மாற்றி மாற்றி ஒற்றையாக வரும். இந்தக் காட்டில் ஏறும் ஒரு கொடி வகைக்கும் இலை அடியில் வெள்ளிச் செதில் உண்டு. இலை வந்த தண்டைப் பின்தொடருங்கள், அது கொடியா மரமா என்று தெரிந்துவிடும்.

படி 5: பூத்த மரத்தடியில் உட்காருங்கள்

நடப்பதை நிறுத்துங்கள். பூ உதிர்ந்து கிடக்கும் மரமாகப் பார்த்து, அதிலிருந்து இருபது முப்பது அடி தள்ளி, முதுகுக்கு ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு குறைந்தது இரண்டு மணிநேரம் அசையாமல் இருங்கள். காலை ஆறிலிருந்து எட்டரை வரை என் பழக்கம்.

வெடிபலாப் பூவுக்கு இதழ் கிடையாது. நீங்கள் தரையில் பார்த்த அந்தச் சதைக்குழாய் புல்லிவட்டம், அதாவது பூவின் வெளியுறை. அந்தச் சதைக்காகத்தான் எல்லோரும் வருகிறார்கள். முதலில் மலையணில் வரும். கிளையில் குப்புறத் தொங்கிக்கொண்டு இரண்டு கையாலும் பூவைப் பிடித்து, சோளக்கதிர் கடிப்பதுபோல் கடித்துவிட்டு மீதியைப் போடும். கருமந்திகள் வந்தால் கிளை வளையும். சிங்கவால் குரங்குக் கூட்டம் வந்தால் பூமழைதான். கத்தாது, சத்தம் போடாது, குஞ்சம் வைத்த வால் மட்டும் இலைக்கிடையே தெரியும். இருட்டியதும் பறக்கும் அணில், பழுப்பு மரநாய், பழந்தின்னி வௌவால் என்று அடுத்த முறைக்காரர்கள் வருவார்கள்.

பூவைத் தின்றால் மரத்துக்கு நஷ்டம்தானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. களக்காடு மலையின் கக்காச்சியில் ஆராய்ச்சியாளர்கள் டி. கணேஷ், சௌபத்ரா தேவி இருவரும் இந்தப் பூக்களுக்கு வரும் பாலூட்டிகளைப் பொறுமையாகக் கவனித்து 2000ஆம் ஆண்டில் எழுதினார்கள். பூவைச் சிதைக்கும் விலங்கே முகத்தில் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு அடுத்த மரத்துக்கும் போகிறது. பூச்சியையும் தேன்சிட்டையும் மட்டும் நம்பாமல், ரோமமுள்ள விலங்குகளைக் கொண்டு மகரந்தச் சேர்க்கையை முடித்துக்கொள்ளும் மரம் இது. ஒரு கிளையில் அத்தனை ஆயிரம் பூ எதற்கு என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: தின்னக் கொடுத்ததுபோக மிஞ்சுவது காயாகும்.

படி 6: காய்க்காலத்தில் சிங்கவால் குரங்கைப் பாருங்கள்

இந்தக் குரங்குக்கும் இந்த மரத்துக்கும் உள்ள ஒட்டுதல்தான் தென்னிந்தியக் காட்டுப் பாதுகாப்பின் வரலாற்றையே கொஞ்சம் திருப்பிவிட்டது. 1970களில் ஆராய்ச்சியாளர்கள் ஸ்டீவன் கிரீன், கேரன் மின்கோவ்ஸ்கி இருவரும் களக்காடு மலையில் சிங்கவால் குரங்கைப் பின்தொடர்ந்து, அதன் உணவில் வெடிபலா எவ்வளவு பெரிய பங்கு வகிக்கிறது என்று காட்டினார்கள். 1976இல் களக்காடு இந்தக் குரங்குக்கென்றே சரணாலயமானது. 1988இல் அது முண்டந்துறையோடு சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக ஆனது. அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்ட வேண்டாம் என்று கேரள மக்கள் குரல் கொடுத்தபோதும் முன்னால் நின்ற முகம் இந்தக் குரங்குதான். குரங்கு பிழைக்க வெடிபலா வேண்டும், வெடிபலா நிற்க அறுபடாத காடு வேண்டும்.

குரங்கு காய் உடைப்பதைப் பார்க்க பைனாகுலரோடு காத்திருங்கள். காய் பழுக்கும்வரை அது காத்திருக்காது, முற்றாத காயையே பறிக்கும். முள் குத்தாமல் காயைக் காம்போடு பிடித்து, கிளையில் அழுத்தி, கோரைப்பல்லால் ஓரத்தைக் கடித்து ஒரு வெட்டு. பிறகு விரலை நுழைத்துப் பிளந்து விதையை எடுக்கும். ஓடு கீழே விழும் ‘தொப்’ சத்தத்தை வைத்தே கூட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். விழுந்த ஓட்டை எடுத்துப் பாருங்கள், பல் பதிந்த தடம் இருக்கும். அணில் கொறித்தது என்றால் ஓரம் சின்னச் சின்ன வரிகளாக இருக்கும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். புதுத்தோட்டம் பக்கம் குரங்குகள் சாலைக்கே வந்துவிடும். பிஸ்கட், வாழைப்பழம், சிப்ஸ் எதையும் கொடுக்காதீர்கள், குப்பையை வெளியே வைக்காதீர்கள். ஒரு பாக்கெட் சிப்ஸுக்காகச் சாலையில் உட்காரப் பழகிய குரங்கு அடுத்த வாரம் வண்டிச் சக்கரத்தில் சாகும். மரத்துக்கு மரம் தாவ வழியில்லாமல் போன இடங்களில் சாலைக்கு மேலே கயிற்றுப்பாலம் கட்டியிருக்கிறார்கள். அதன் அடியில் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள்.

படி 7: குறிப்பு எழுதுங்கள்

ஒரு முறை பார்த்ததோடு விடாமல், முடிந்தால் பத்து மரங்களைத் தேர்ந்தெடுத்து வருடக்கணக்கில் பாருங்கள். சாலையோர மரமாக இருந்தால் அனுமதிச் சிக்கல் இல்லை. மரத்துக்கு ஆணி அடிக்காதீர்கள். இருக்கும் இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து, ஒரு கைவரைபடமும் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை, ஒரே தேதியை ஒட்டி, மரத்தின் தலையில் நாலில் எத்தனை பங்கு தளிர், மொட்டு, பூ, இளங்காய், முற்றிய காய் என்று 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுங்கள். அன்று மரத்தில் பார்த்த விலங்கையும் எழுதுங்கள். இலையின் இரண்டு பக்கமும், கிளையும், பூவோ காயோ தெரியும்படி படம் எடுத்து, இயற்கைப் பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றினால் மற்றவர்களும் சரிபார்ப்பார்கள்.

படி 8: விதை சேகரிப்பது

இனி சொல்வது மலையில் நிலம் இருப்பவர்களுக்கு. சமவெளிக்காரர்கள் இதைக் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ வீட்டுத் தோட்டத்தில் வைக்க முயல வேண்டாம். நல்ல எண்ணத்தில்தான் கேட்பீர்கள், ஆனால் இந்த மரத்துக்கு வேண்டியது மூடுபனியும் நிழலும் நனைந்த சருகும். சமவெளிக்கு நம் புன்னையும் இலுப்பையும் இருக்கின்றன.

காப்பகத்துக்குள்ளிருந்து ஒரு விதைகூட எடுக்கக்கூடாது, சட்டப்படி குற்றம். சாலையோரத் தாரிலும் தேயிலைப் பாத்தியிலும் விழுந்து எப்படியும் முளைக்காமல் அழியப்போகிற விதைகளை மட்டும், நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு, பொறுக்குங்கள். அதிலும் ஒரே மரத்தடியில் எல்லாவற்றையும் எடுக்காமல் பல மரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். துளை விழுந்ததையும், அழுத்தினால் மெத்தென்று இருப்பதையும் விட்டுவிடுங்கள்.

நேரம்தான் இங்கே எல்லாம். நெல், பயறுபோல இதைக் காயவைத்துச் சேமிக்க முடியாது. காய்ந்தால் உயிர் போய்விடும். என் முதல் ஆடியில் அறுபது விதைக்குமேல் பொறுக்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். மூன்று வாரம் கழித்துப் பையைத் திறந்தபோது புளித்த வாடை, விதைகள் மேல் வெள்ளைப் பூஞ்சணம். ஒன்றுகூட முளைக்கவில்லை. அந்த அறுபதும் எந்த முள்ளம்பன்றிக்காவது உணவாகியிருக்கும். இப்போதெல்லாம் ஈரச் சருகோடு சணல் பையில் போட்டு எடுத்துவந்து, பொறுக்கிய ஓரிரு நாளிலேயே விதைத்துவிடுகிறேன்.

படி 9: நாற்றங்கால்

இடம் மலையிலேயே, நடப்போகும் உயரத்துக்கு அருகிலேயே இருக்கட்டும். நிழல்வலை போட்டு, வெயில் புள்ளி புள்ளியாக மட்டும் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மேல்மண், மணல், நன்றாக மக்கிய தொழுவுரம் மூன்றையும் கலந்து, தண்ணீர் தேங்காத கலவையாக வைத்துக்கொள்ளுங்கள். விதையின் தடிமன் அளவுக்கு மட்டும் மண்ணில் புதைத்து, மேலே சருகு மூடுங்கள். எலிதான் முதல் எதிரி. பாத்தியின் மேல் கம்பிவலை கட்டாயம். ஈரம் குறையாமல் பார்த்துக்கொண்டால் சில வாரத்தில் முளை தெரியும்.

பையின் நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆணிவேர் கீழே இடித்துச் சுருண்டுகொண்டால், நட்டு இரண்டு மூன்று வருடம் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு சாயும். பைகளை அவ்வப்போது இடம் மாற்றி வையுங்கள், வேர் பையைத் துளைத்துத் தரையில் இறங்காமல் இருக்கும். முழங்கால் உயரம் வரும்வரை நாற்றங்காலிலேயே இருக்கட்டும். ஒரு மழைக்காலம் தாண்டி இரண்டாவது மழைக்காலம் வரை ஆனாலும் அவசரம் இல்லை. இது நிழலில் மெதுவாக வளரும் மரம். யூரியா போட்டு விரட்ட முயலாதீர்கள்.

படி 10: நடுவதும் அதற்குப் பிறகும்

ஜூன் மழை இரண்டு வாரம் நன்றாகப் பெய்து மண் ஆழம் வரை நனைந்த பிறகு நடுங்கள். அதற்கு முன்னால் இடத்தைப் பாருங்கள். தலைக்கு மேலே ஏதாவது நிழல் இருக்கிறதா? சோலை ஓரம், பழைய நிழல்மரம், ஏலத்தோட்டம் என்றால் நேரடியாக வெடிபலாவை வைக்கலாம். வெட்டவெளி என்றால் இப்போது வேண்டாம். முதலில் வட்டக்கண்ணிபோல வேகமாக வளரும் உள்ளூர் மரங்களை வைத்து, நாலைந்து வருடம் கழித்து அந்த நிழலுக்குக் கீழே வெடிபலாவைக் கொண்டுவாருங்கள். வெயிலில் வைத்த வெடிபலா முதல் பிப்ரவரியிலேயே இலை கருகிவிடும்.

வெடிபலாவை மட்டும் வரிசையாக நடுவது தோட்டம், காடு அல்ல. நாங்கு, பாலி, காட்டுச் சாதிக்காய், கருங்குங்கிலியம், காட்டில் தானாக வளரும் உண்மையான பலா எல்லாம் கலந்து, ஒழுங்கில்லாத இடைவெளியில் வையுங்கள். உண்ணிச்செடி மண்டியிருந்தால் முழுச் சரிவையும் மழிக்காதீர்கள். அதன் அடியில் தானாக முளைத்த நல்ல கன்றுகள் ஒளிந்திருக்கும். ஒவ்வொரு செடியாகப் பார்த்து, களையை மட்டும் வேரோடு எடுங்கள். தோட்டத்திலிருந்து பரவி சோலைக்குள் புகுந்த ரோபஸ்டா காப்பியையும் அப்படியே எடுங்கள், அதன் நிழலில் காட்டுக் கன்று எழும்பாது.

குழி ஒன்றரை அடி போதும். பையை முழுதாகக் கிழித்து எடுத்துவிடுங்கள், பாதிப் பையோடு புதைக்கும் வேலையாட்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சி நட்டு எண் எழுதிய தகடு கட்டுங்கள், குச்சி இல்லாவிட்டால் அடுத்த வருடம் புதருக்குள் கன்றைத் தேடியே நாள் போகும். கடமான் மேயும் இடம் என்றால் சுற்றிலும் முள் அடைத்துவிடுங்கள். காட்டுமாடு வரும் தடத்தில் நடவே வேண்டாம்.

முதல் மூன்று வருடம், வருடத்துக்கு இரண்டு தடவை களை எடுக்க வேண்டும்: மழைக்கு முன் ஒருமுறை, மழை விட்டபின் ஒருமுறை. கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டம் போதும். செத்த இடத்தில் அடுத்த ஜூனில் மாற்றுக்கன்று வையுங்கள். உயரத்தையும் அடித்தண்டின் பருமனையும் அளந்து அதே நோட்டில் எழுதுங்கள்.

என் நிலத்தில் வைத்த கன்றுகளில் ஒன்று, பழைய நிழல்மரம் ஒன்றின் கீழே, இப்போது என்னைவிட ஒரு சாண் உயரம். போன மழைக்குப் பிறகு களை எடுக்கப் போனபோது அதன் கீழ்க்கிளை இலை ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். செதில் இன்னும் ஈரமாக, பொன்னாக இருந்தது. அடுத்த அளவு ஜூன் மாதம் எடுக்க வேண்டும்.